பாய் வீட்டுச் செத்த காலேஜ்

எழும்பூர் மியூசியத்துக்கு அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஜனங்கள் வைத்திருந்த பெயர் செத்த காலேஜ். சிங்கமும் கரடியும் உயிரோடு இருந்த இடம் உயிர் காலேஜ். பஞ்சடைத்த புலியும் திமிங்கில எலும்பும் இருந்த இடம் செத்த காலேஜ். செங்கல்பட்டில் கியாசுதீன் பாய் தன் வீட்டுக் கூடத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஊருக்குத் திறந்துவிட்டபோது அதற்கும் அதே பெயர்தான் கிடைத்தது. பாய் வூட்டு செத்த காலேஜ். அவர் மனைவி அமீனா பீவிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "உசுரோட ரெண்டு பேரு குடித்தனம் பண்ற வூட்டுக்கு இன்னா பேரு வெச்சிகீதுங்க பாரு" என்று சமையலறையிலிருந்து எனக்குக் கேட்கும்படி சொல்வார். நான் அந்த வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

என் பெயர் ராஜாராம். செங்கல்பட்டு ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் வேலைக்கு வந்தபோது, கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு தர ஊரில் ஒருவரும் இல்லை. பாய் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் மாடி அறையின் சாவியைக் கொடுத்தார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பின்னால் வருவதற்கு அது வேண்டியிருப்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பாய்க்கு இடித்த வீட்டுச் சாமான் வியாபாரம். மதுராந்தகத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் எங்கே பழைய வீடு இடிந்தாலும் அவருக்குச் சேதி வந்துவிடும். அண்ணன் தம்பி சண்டையில் பிரிகிற வீடு, வாரிசு இல்லாமல் சரிகிற வீடு, மெட்ராஸில் பங்களா கட்டப் போனவர்கள் மறந்துவிட்ட வீடு. தூண், உத்தரம், நிலைக்கதவு, தரைக்கல் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மரத்தொட்டியில், அதாவது அவருடைய மரக்கிடங்கில், அடுக்கி விற்பார். ஆள் ஒல்லி, கை மட்டும் பெரிது. எந்தச் சாமானையும் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் அதைப் பற்றிப் பேசுவார். அவர் மேல் எப்போதும் பழைய தேக்கு வாசனை அடிக்கும். இன்றைக்கும் ஏதாவது தச்சுப் பட்டறையைத் தாண்டிப் போனால் எனக்குக் கால் நின்றுவிடுகிறது.

ஒருமுறை மெட்ராஸுக்கு ஆணி வாங்கப் போனவர், ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று செத்த காலேஜுக்குள் நுழைந்திருக்கிறார். அங்கே தூண் தலையில் வைக்கிற மரப் போதிகை ஒன்று, வாழைப்பூவும் கிளியும் செதுக்கியது, துடைத்து எண்ணெய் போட்டு மேடை மேல் நின்றது.

"அதுக்கு ஜோடி ஒண்ணு நம்ம தொட்டில கெடந்துச்சி, ராஜாராமு. கொஞ்சங்கூட மாறல. அத்த நான் ஓட்டல்காரனுக்கு அடுப்பெரிக்கக் குடுத்துட்டேன். ரெண்டு நாளு இட்லி வெந்துச்சாம்."

இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று அமீனா பீவி சொன்னார். அதற்குப் பிறகு தொட்டிக்கு வரும் சாமானில் கண்ணுக்குப் பிடித்தது எதுவும் விற்பனைக்கு இல்லை. நேராக வீட்டுக் கூடத்துக்குப் போகும்.

கூடவே ஒரு பைத்தியமும் பிடித்தது. எந்த ஊரில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கும் பைத்தியம். எனக்கு ரயில்வே பாஸ் உண்டு, அவர் டிக்கெட் எடுத்துக்கொள்வார். அமீனா பீவி கட்டிக்கொடுக்கும் தேங்காய்ச் சோற்றோடு கிளம்புவோம். புதுக்கோட்டை மியூசியம் போனோம். தஞ்சாவூர் அரண்மனையில் அப்போதுதான் திறந்திருந்த கலைக்கூடத்துக்குப் போனோம். நான் சிலையைப் பார்ப்பேன், சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பேன், அடுத்ததற்குப் போவேன். பாய் சிலையையும் பார்ப்பார், அதைப் பார்க்கிறவர்களையும் பார்ப்பார். "அந்தப் பொம்பள எவ்ளோ நேரமா அங்கியே நிக்கிது பாத்தியா" என்பார். இவரோடு போனால் ஒரு நாளில் ஒரு அறையைத் தாண்ட முடியாது.

திரும்பும் வழியில் ஒரு ஜமீன் வீட்டில் பெரிய சேகரிப்பு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டுப் போனோம். கேட்டில் இருந்தவன் என் பேண்ட்டைப் பார்த்து வழிவிட்டான். பாயின் கைலியைப் பார்த்து நிறுத்தினான். நானும் உள்ளே போகவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் அவனையும் அவன் எஜமானையும் நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் மாமல்லபுரம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நின்றவர் மத்தியானம் வரைக்கும் அசையவில்லை. கல் யானைக்குக் கீழே நிஜ ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன. மீன் கூடைக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு யானைக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் இடம் வலம் திரும்பிப் பார்த்தார்.

"ராஜா இவ்ளோ சாமான வெச்சிட்டுப் போய்கீறான். எங்கியாவது ஒரு கேட்டு கீதா பாரு. கண்ணால பாக்கறதுக்கு இன்னாத்துக்கு ராஜாராமு கேட்டு?"

அந்த வாரமே கூடத்தைத் திறந்துவிட்டார். ஏன் வெள்ளிக்கிழமை என்றால் அன்றைக்கு ஜும்மா தொழுகைக்காகத் தொட்டியை மூடிவிடுவார். தொழுகை முடிந்து வந்து, தொப்பியை மாட்டி வைத்துவிட்டு, வாசல் கதவுகளை இரண்டு பக்கமும் விரியத் திறப்பார். இருட்டும் வரை யார் வேண்டுமானாலும் வரலாம். காசு கிடையாது.

கூடத்தில் கண்ணாடி ஓவியங்கள் இருந்தன, வெண்ணெய் உருட்டும் கிருஷ்ணனும் மீசை வைத்த துரைமார்களும் பக்கத்தில் பக்கத்தில். சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் கிடைத்த நீலப் பூத்தட்டுகள் இருந்தன. ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் முகம் பார்க்கவென்றே மார்க்கெட் பெண்கள் வருவார்கள். மூலையில், எங்கள் ஊர்ப் பக்கம் வயலில் உழும்போது கிடைக்குமே, கால்கள் வைத்த சுடுமண் தொட்டி, அது இருந்தது. குடியானவர்கள் அதை மாட்டுத் தொட்டி என்றார்கள். சிலர் அதன் விளிம்பில் வெற்றிலைப் பையை வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. மியூசியம் என்றால் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய பலகை வேண்டாமா என்று பாயை நச்சரித்தேன். "எயுதேன்" என்றார். கறுப்புப் பலகை, வெள்ளைப் பெயிண்ட், மெல்லிய பிரஷ். தட்டுகளுக்கு எழுதினேன், ஓவியங்களுக்கு எழுதினேன், சுடுமண் தொட்டிக்கும் எழுதினேன்: 'பழங்காலத்தில் இறந்தவர்களை இட்டுப் புதைத்த தொட்டி.' அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மூலைக்கு ஒரு ஈ காக்கை போகவில்லை. வெற்றிலைப் பைக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினாராம். "உன் கையெயுத்துக்கு நல்ல சக்தி கீது சாரே" என்று பாய் என்னைப் பல நாள் கிண்டல் செய்தார்.

ஐம்பத்தைந்து ஐப்பசியில் வந்தது அந்தக் கல். மதுராந்தகம் பக்கம் ஒரு வீட்டின் கொல்லையில், கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. வண்டியில் ஏற்றப் புரட்டியபோது அடிப்பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலைத் தொங்கவிட்டு, தொடையை அகட்டி, பெரிய வயிற்றோடு. இரண்டு பக்கமும் பிள்ளைகள் மாதிரி இரண்டு சின்ன உருவங்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு பறவை. ஓரத்தில் ஒரு கொத்து. ஈரத்திலும் மண்ணிலும் கிடந்து முகமெல்லாம் தேய்ந்திருந்தது. பாய் அதைக் கொண்டுவந்து முற்றத்தில், வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்தினார். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "யாருன்னு தெரியல. ஆனா கம்பீரமாக் கீது" என்றார். யாரென்று தெரியாததால் நான் பலகை எழுதவில்லை.

பலகை இல்லாத இடத்தில் ஜனங்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பறவை கிளி ஆயிற்று. கொத்து வேப்பிலை ஆயிற்று. பெரிய வயிறு நிறைமாத வயிறு ஆயிற்று. கிளியும் வேப்பிலையும் இருந்தால் அம்மன்தானே? அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும் கதவு திறக்கிற அம்மன். பாய் தொழுகைக்காகக் கடை மூடுவது அவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? கார்த்திகையில் யாரோ ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தார்கள். மார்கழியில் மஞ்சள் துணி கட்டினார்கள். தை பிறந்ததும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் வந்து கண்ணாடி வளையல்களைக் கல்லின் மடியில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். பாய் வூட்டம்மா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

"பாய் வூட்டம்மா நான்தானே, இது யாரு புச்சா?" என்றார் அமீனா பீவி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தி சாய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாக வந்து குங்குமத்தைக் கழுவுவார். கழுவிக்கொண்டே திட்டுவார். அதே வாயால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்களை உட்காரவைத்து நீர்மோர் கொடுப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி வேண்டா. மதுராந்தகம் ஏரிக்கரைக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்தாவது பெண்ணாகப் பிறந்ததால் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காட்ட பாசஞ்சர் ரயிலில் வருவாள். அதைச் சாக்காக வைத்து இங்கே வந்து உட்காருவாள். மற்றப் பெண்கள் கும்பிடுவார்கள், வேண்டிக்கொள்வார்கள், சத்தமாகப் பேசுவார்கள். இவள் எதிரில் உட்கார்ந்து கல்லைப் பார்ப்பாள், அவ்வளவுதான். முன்பு மூன்று பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. இது நான்காவது.

"அந்தப் பொண்ணுதான் ஒயுங்காப் பாக்குது" என்று பாய் என்னிடம் சொன்னார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

மாசி மாதம் பாயின் மச்சான் பஷீருதீன் வந்தார். அமீனா பீவியின் அண்ணன். பள்ளிவாசல் ஜமாத்தில் ஒருவர். கோபக்காரர் இல்லை. நாஸ்தா சாப்பிட்டு, டீ குடித்து, குசலம் விசாரித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"மச்சான், வூட்ல பழைய சாமான் வெச்சிகினு கீறீங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா பூஜ நடக்குதுன்னு நாலு பேரு பேசறான். நம்ம வூட்டுக்குள்ள அது ஆவுமா? நோன்பு வர்றதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லாங்காட்டி கதவ மூடிடுங்க."

பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. பஷீருதீன் சொன்னதில் தப்பில்லை என்று அவருக்கே தெரியும். கதவை மூடுவது என்பது அவருக்கு உயிரை எடுப்பது. இரண்டு வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்காதீர்கள் என்று வாசலில் நின்று சொல்லிப் பார்த்தார். பெண்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்தார் வரதன். மெட்ராஸில் ஒரு காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர், மாமல்லபுரம் போகும் வழியில் கேள்விப்பட்டு இறங்கியவர். கூடத்தைச் சுற்றி வந்து என் பலகைகளைப் பாராட்டினார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. முற்றத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது ஜேஷ்டா தேவி. பல்லவர் காலத்துக் கல். அந்தக் காலத்தில் கோயிலில் வைத்து ஒழுங்காகக் கும்பிட்டிருக்கிறார்கள். அது கிளி இல்லை, காக்கைக் கொடி. அது துடைப்பம். பக்கத்தில் மகன், மகள். பிற்பாடுதான் ஜனங்கள் பயந்துபோய்க் குப்புறத் தள்ளிவிட்டார்கள்." எங்களுக்குப் புரியவில்லை என்று கண்டுகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மூதேவி."

பாய் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

விஷயம் தெரிந்ததும் பஷீருதீனுக்குத் தலையிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. "பின்ன இன்னா மச்சான் யோசன? இருக்கற பேர எயுதி மாட்டுங்க. நீங்க யாரையும் தொரத்த வாணாம், கதவ மூட வாணாம். பொம்பளைங்க தானா ஓடிடுவாங்க." நானும் அதையே சொன்னேன். உண்மையான பெயர் தெரிந்த பிறகும் எழுதாமல் வைப்பது என்ன மியூசியம்? அன்றைக்கே பலகையை எடுத்து எழுதியும் முடித்தேன். 'மூதேவி. கல். பல்லவர் காலம்.' என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக 'மூ' எழுதியதில்லை.

பாய் அந்தப் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வேண்டாவுக்கு இது எட்டாம் மாசம், ராஜாராமு. மூணு தடவ போனது இந்தத் தடவ நிக்கிதுன்னா, அது இத்த நம்பித்தான் தைரியமாக் கீது. இப்ப போயி, நீ இத்தினி நாளா பாத்துகினு இருந்தது மூதேவின்னு போர்டு மாட்டினா அந்தப் புள்ள தாங்குமா? வயித்துல கீறது தாங்குமா? தொட்டிய பாத்ததுக்கே ஒருத்தன் தல முயுகினான்."

"அவளுக்குப் படிக்கத் தெரியாதே பாய்" என்றேன்.

"பக்கத்துல கீறவளுக்குத் தெரியுமே."

நோன்புக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி இருந்தது. மாட்டினால் அந்தப் பெண் என்ன ஆவாளோ. மாட்டாவிட்டால் கதவை மூட வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பாய் தொட்டியில் யாரோடும் பேரம் பேசவில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். ஊர் வாயில் விழுவதற்கு முன்னால் தானே அவளிடம் சொல்லிவிடுவது. அப்புறம் பலகையை மாட்டுவது.

அன்றைக்கு ஜும்மா முடிந்து வந்து, தொப்பியைக் கழற்ற மறந்து, அப்படியே கதவைத் திறந்தார். வேண்டா ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து வழக்கமான இடத்தில் மெல்ல உட்கார்ந்தாள். மற்றப் பெண்களை அமீனா பீவி நீலத்தட்டு காட்டுகிறேன் என்று கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டார். நான் பலகையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றேன். பாய் அவளுக்கு எதிரே குந்தினார். தரையை விரலால் தட்டினார்.

"இத பாரும்மா. இந்தக் கல்லு, அல்லாரும் சொல்லிகினு கீற மாதிரி இல்ல."

"எப்டி சாய்பு?"

"அந்தக் கிளி கீதே. அது கிளி இல்லியாம்."

"காக்கா" என்றாள் வேண்டா.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வேப்பிலையும் வேப்பிலை இல்ல சாய்பு. தொடப்பம். காக்காவையும் தொடப்பத்தையும் பாக்காதவளா நானு? எங்காத்தா ஊர்ல ஏரி மதகாண்ட இதே மாதிரி ஒண்ணு குப்புறக் கெடக்குது. சின்ன வயசுல நாங்க பொண்ணுங்களா சேந்து புரட்டிப் பாத்துட்டோம். அதுக்கு வாங்குன அடி மறக்குமா?"

"அப்ப இது யாருன்னு..."

"மூதேவி" என்றாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"தெரிஞ்சிகினாம்மா வந்துகினு இருந்த?"

"தெரிஞ்சிதான் வந்தேன். மொத புள்ள தங்காதப்பவே எங்க மாமியா என்னை மூதேவின்னு கூப்ட ஆரம்பிச்சிடுச்சி. இப்ப அந்த வூட்ல எனக்கு அதான் பேரு. தண்ணி கொண்டாடி மூதேவி, சோறு போடுடி மூதேவி. மாரியாத்தா கோயிலுக்குப் போனேன். அங்காளம்மா கோயிலுக்கும் போனேன். நம்மள மாதிரி ஆளு அங்க போயி நிக்கவே கூச்சமா கீது. இங்க வந்து பாத்தா, ஊரே வாணாம்னு தள்ளுன இவளுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு புள்ள உக்காந்துகினு கீது. இவளுக்கே ரெண்டு கீறப்போ, எனக்கு ஒண்ணு தங்காதா சாய்பு?"

பாய் கைலி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெயிலுக்குத் துடைப்பவர் போல.

"சார் முதுவுக்குப் பின்னால இன்னா வெச்சிகீறாரு?" என்றாள் வேண்டா.

வேறு வழி இல்லை. பலகையை முன்னால் கொண்டுவந்து படித்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"போர்டுல கீய எடம் கீதா சாரே?"

"இருக்கு."

"ரெண்டு புள்ளைக்கு அம்மான்னு எயுது. அதுவும் நெசந்தானே?"

மாடிக்குப் போய் பெயிண்டும் பிரஷும் எடுத்து வந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்: 'இரண்டு பிள்ளைகளின் தாய்.' அந்த வரி மட்டும் கோணலாக வந்தது. அதைத் திருத்தி எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஈரம் காயும் வரை பொறுத்திருந்து பாய் பலகையை மாட்டினார். பிறகு தயங்கித் தயங்கி, "இந்தக் குங்குமம், வளையல்லாம் எங்களுக்கு ஆவாதும்மா. அதான் பேஜாராக் கீது" என்றார்.

"நான் எப்ப வெச்சேன்? அவங்கதான் வெக்கிறாங்க. நான் பாத்துட்டுப் போறவ. பாக்கத்தானே தொறந்து வெச்சிகீற?"

பாய் சிரித்துவிட்டார். மாமல்லபுரத்தில் தான் சொன்னதை இவள் எப்படிச் சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன்.

பலகை தன் வேலையைச் செய்தது. அன்றைக்கே படித்த ஒருத்தி சத்தம் போட, முற்றம் காலியாயிற்று. ஒரு அம்மாள் அடுத்த நாள் ஆள் அனுப்பித் தன் வளையல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பஷீருதீன் வந்து பார்த்துத் திருப்தியோடு டீ குடித்தார். நோன்பு மாதம் முழுவதும் வெள்ளிக்கிழமை கதவு திறந்தே இருந்தது. வந்தவர்கள் நீலத்தட்டையும் பெல்ஜியம் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, முற்றத்தை எட்டிப் பார்க்காமல் போனார்கள். அமீனா பீவிக்குக் கழுவ வேலை இல்லை. இருந்தும் வாளியோடு வந்து கல்லுக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். தூசி என்பார். வேண்டா வைகாசி வரை வந்துகொண்டிருந்தாள். அப்புறம் வரவில்லை. பாசஞ்சர் வரும் நேரத்தில் நான் பிளாட்பாரத்துக்குப் போய் நிற்பேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போய்விடுவார்.

பாய் அறுபத்தெட்டாம் வருஷம் தவறிப்போனார். சாமான்கள் நாலா பக்கமும் போயின. சில நல்ல இடத்துக்கு, சில இடம் தெரியாமல். வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருமுறை உள்ளே போய், முற்றம் எங்கே இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன மாடல் வேண்டும் என்று கேட்டார்கள். எத்தனையோ பெரிய மியூசியங்களை அப்புறம் பார்த்துவிட்டேன். அங்கேயெல்லாம் பலகையில் எழுத்துப்பிழை கூட இருக்காது. எனக்கென்னவோ அந்தக் கோணல் வரி இல்லாத இடத்தில் அதிக நேரம் நிற்க முடிவதில்லை.

அதற்கெல்லாம் முன்னால், ஐம்பத்தாறு ஆடி முதல் வெள்ளிக்கிழமை. மழை வரும் போலிருந்த மத்தியானம். வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் ஒரு வயசான அம்மாள், தோளில் துணி சுற்றிய குழந்தை. பின்னால் வேண்டா, உடம்பு இளைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி. குழந்தையைக் கொடுத்தது ஜேஷ்டா தேவியா, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவா என்று என்னைக் கேட்டால் நான் டாக்டரம்மா பக்கம்தான். ஆனால் அந்த நிமிஷம் நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கையில் இருந்த பிரஷ்ஷை எங்கே வைத்தேன் என்று கூட இன்றுவரை தெரியாது.

"பொண்ணு" என்றாள் வேண்டா, பாயிடம்.

அந்த அம்மாள் காசியம்மாள், வேண்டாவின் மாமியார். பிள்ளை நின்றது ஏதோ பாய் வீட்டுச் சாமியால் என்று யாரோ சொல்லக் கேட்டு, காட்டச் சொல்லிப் பிடிவாதமாகக் கூட வந்திருந்தார். அமீனா பீவி குழந்தையை வாங்கக் கை நீட்டினார், காசியம்மாள் கொடுக்கவில்லை. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார். நேராக முற்றத்துக்குப் போய்க் கல்லுக்கு முன்னால் நின்று, முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது எந்த அம்மாடி?" என்றார் மருமகளிடம்.

வேண்டா என்னைப் பார்த்தாள்.

"எங்க மாமியாவுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சிக் காட்டு சாரே."

நான் பாயைப் பார்த்தேன். அவர் தூணை ஒரு தட்டு தட்டினார். பலகையைப் படித்தேன்.

"மூதேவி. கல். பல்லவர் காலம். இரண்டு பிள்ளைகளின் தாய்."

காசியம்மாள் கல்லைப் பார்த்தார். இந்தப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார், அந்தப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். திரும்பும்போது மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வேண்டா, மழ வருது. புள்ளைக்குத் துணி எடு."